பன்னிரண்டாவது பெயர்

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை, தலைமை ஆசிரியர் ஷெத்லி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அதில் ஏழு பெயர்கள் இருந்தன. இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு, கடைசி இரண்டு ஆண்டுகளுக்குக் கணிதப் பிரிவை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்த பிள்ளைகள். நூற்றுப் பத்துப் பேரில் ஏழு பேர்.

"வட்டாரக் கல்வி அலுவலகத்துல கறாரா சொல்லிட்டாங்க மேடம். பன்னிரண்டு பேர் இருந்தா பிரிவு. பதினொண்ணுன்னா பிரிவுபசார விழா."

"போன வருஷம் ஒன்பது பேரை வச்சு நடத்தலையா?"

"அது போன வருஷத்துக் கதை. இப்ப வாத்தியாருங்களே இல்லையாம். ஒன்பது பேருக்கு ஒரு ஆளை எங்கேர்ந்து கொடுப்பாங்க?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளைகளுக்குக் கணக்குன்னாலே பயமாம். உங்க முகத்தைப் பார்த்தா எனக்கே பாதி நேரம் பயமாத்தான் இருக்கு."

நான் சிரிக்கவில்லை. கெஃப் மலைக்குத் தெற்கே இருக்கும் இந்தச் சின்ன ஊரில் இருபத்திரண்டு வருடங்களாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் பதினான்கு வருடம், கணிதப் பிரிவின் கடைசி ஆண்டு என் வகுப்பு. பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வகுப்பு அது. பிரிவை மூடிவிட்டால் நான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. இந்தப் பிரிவு போனால் இந்த ஊரிலிருந்து இனி ஒரு பிள்ளை பொறியியல் படிக்கப் போகாது என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். இரண்டில் எது முன்னால் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்கில் இருபதுக்குப் பதினான்குக்கு மேல் வாங்கியும் வேறு பிரிவு கேட்டிருந்தவர்கள் ஐந்து பேர். நான்கு பேரை மூன்று நாளில் பேசி மாற்றிவிட்டேன். ஒருவன் அப்பா சொன்னால் கேட்பான். ஒருத்தி தோழி வந்தால் வருவாள். ஐந்தாவது ஆள் மனூபியா. கணக்கில் பதினாறு. அறிவியல் பிரிவு கேட்டிருந்தாள்.

அவள் அப்பா ஹம்மாதி தலைநகருக்கு ஷேர் டாக்சி ஓட்டுகிறவர். நான் வீட்டுக்குப் போனபோது வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா தாவூஸ் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த தபூனா ரொட்டியையும் ஆலிவ் எண்ணெயையும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மனூபியா கதவுப் பக்கமாக நின்றாள்.

"நீ ஏன் கணக்கு எடுக்கலை?"

"நர்ஸுக்குப் படிக்கணும் மேடம். அதுக்கு அறிவியல் போதும். மூணு வருஷம் படிச்சா வேலை."

"காலேஜ்ல சேர்க்கறப்ப, கணிதத்துல பன்னிரண்டு வாங்கறதும் அறிவியல்ல பதினஞ்சு வாங்கறதும் ஒண்ணுதான். இங்கேர்ந்து நர்ஸுக்கும் போகலாம், அதுக்கு மேலயும் போகலாம். அங்கேர்ந்து மேல போக முடியாது."

"மேல போறதுக்கு யாரு மேடம் ஆசைப்பட்டா?" என்றாள். திமிரோடு இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

தாவூஸ் அவளை அதட்டினாள். "வாயை மூடு. வீடு தேடி வந்து சொல்றாங்க. உனக்குக் கெடுதலா சொல்லுவாங்க?"

ஹம்மாதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "மேடம், நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்கிறேன். ஒருவேளை பிள்ளை ஃபெயிலாயிட்டா?"

"ஆக மாட்டா. நான் இருக்கேன் இல்ல."

அப்படித்தான் சொன்னேன். மனூபியா நான் கொண்டுபோயிருந்த பிரிவு மாற்றப் படிவத்தை வாங்கிச் சுவரில் வைத்தே எழுதினாள். அவள்தான் பன்னிரண்டாவது.

செப்டம்பரில் நாங்கள் நான்கு கணக்கு ஆசிரியர்களும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஆண்டுத் திட்டம் போட்டோம். எனக்கு வருடத்திலேயே பிடித்த நாள் அது. மூன்றாம் ஆண்டுக் கணிதப் பிரிவுக்கு வாரத்துக்கு ஏழு மணி நேரம். எது எதற்கு முன்னால் வர வேண்டும், இயற்பியல்காரருக்கு எது எப்போது தேவைப்படும், தேர்வு வாரங்களில் எவ்வளவு போகும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். முதலில் எல்லை மதிப்பு, அப்புறம் வகையிடல். டிசம்பரில் எண் கோட்பாடு. ஜனவரியில் வடிவக்கணிதத்தில் சுழற்சி, ஏனென்றால் கடைசி ஆண்டில் உருமாற்றங்கள் முழுவதும் அதன் மேல்தான் நிற்கும். பனி விழுந்து பள்ளி மூடினால் ஈடுகட்ட ஒரு வாரத்தை ஒதுக்கிவைத்தேன். மூன்றாம் ஆண்டை அனீஸ் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. வகுப்பறையில் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவன். அவன் கையிலிருந்து அடுத்த வருடம் அந்தப் பன்னிரண்டு பேரையும் நான் வாங்கிக்கொள்வேன்.

நவம்பர் முதல் வாரம் அனீஸ் ஒரு பெட்டி மக்ரூத் இனிப்போடு ஆசிரியர் அறைக்குள் வந்தான். பெட்டியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்க?"

"ஓமன். பதினஞ்சு நாள்ல வந்து சேரச் சொல்லிட்டாங்க அக்கா." என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏதாவது திட்டுங்க. சும்மா இருந்தா கஷ்டமா இருக்கு."

"மூணாம் ஆண்டு?"

"தெரியும். எண் கோட்பாடு வர்றதுக்குள்ள ஆள் போட்டுடுவாங்க."

"யாரு போடுவா? உன் மாமனாரா?"

அவன் சிரித்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக அப்பா. நான் அவன் இடத்தில் இருந்தாலும் போயிருப்பேன். இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மாற்று ஆசிரியர் அடுத்த வாரம் வருவார் என்று வட்டார அலுவலகத்தில் சொன்னார்கள். டிசம்பரில் கேட்டேன், விடுமுறைக்குப் பிறகு என்றார்கள். ஜனவரியில் கேட்டபோது தொலைபேசியில் பேசிய பெண் என் குரலைக் கண்டுகொண்டு, "மேடம், நீங்க கூப்பிடறதால வாத்தியார் முளைச்சு வர மாட்டார்" என்றாள். அவளிடமும் கோபம் வரவில்லை. அவள் மேசையில் என்னைப் போல இருபது பேரின் மனு இருந்திருக்கும்.

என் கடைசி ஆண்டு வகுப்பை விட முடியாது. ஓய்வு மணிகளில் இரண்டு, சனிக்கிழமை மதியம் ஒன்று என்று வாரத்துக்கு மூன்று மணி நேரம் அந்தப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை மதியம் பள்ளியில் வெப்பமூட்டி ஓடாது. பிள்ளைகள் கையுறையோடு எழுதுவார்கள். மனூபியா ஒரு நாளும் தவறாமல் வந்தாள். ஒருநாள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, "அறிவியல் பிரிவுக்காரங்க இந்நேரம் வீட்டுல போர்வைக்குள்ள இருப்பாங்க மேடம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிப்ரவரி வந்ததும் ஆண்டுத் திட்டத்தை விரித்துவைத்து, பென்சிலால் அடிக்க ஆரம்பித்தேன். ஏழு மணி நேரத்தில் போக வேண்டியதை மூன்று மணி நேரத்தில் கொடுத்துக்கொண்டிருந்தால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எல்லை மதிப்பையும் வகையிடலையும் விட முடியாது. அவை இல்லாமல் அடுத்த வருடம் ஒரு வாரம்கூட நகராது. எண் கோட்பாட்டை அடித்தேன். சுழற்சியை அடித்தேன். முப்பரிமாண வடிவக்கணிதத்தையும் அடித்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'அடுத்த ஆண்டு தொடக்கத்தில்' என்று எழுதினேன். அடுத்த ஆண்டுக்கும் இருபத்தெட்டு வாரம்தான் என்று எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச்சில் ஒரு ஒப்பந்த ஆசிரியர் வந்தார். பொறியியல் படித்துவிட்டு ஆறு வருடம் வேலை இல்லாமல் இருந்தவர். நல்ல மனிதர். பிள்ளைகள் கேள்வி கேட்டால் வியர்த்துவிடும். புள்ளியியலை முடித்தார், தொடர்வரிசையைப் பாதி முடித்தார், அதற்குள் வருடம் முடிந்துவிட்டது.

மே மாதம் ஷெத்லி பாடப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். தினமும் எந்தப் பாடம், எந்தப் பயிற்சி என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பதிவேடு. நவம்பரிலிருந்து மார்ச் வரை, நான் எடுத்த மணிகள் தவிர, பக்கம் பக்கமாக வெறுமையாக இருந்தது.

"புதன்கிழமை ஆய்வாளர் வர்றார். இதை நிரப்பிடுங்க."

"நடக்காததை எப்படி சார் எழுதறது?"

"எழுத வேண்டாம். வெறுமையாவே காட்டுவோம். பாடமே நடக்காத பிரிவுன்னு அன்னைக்கே மூடிட்டுப் போவார். அந்தப் பன்னிரண்டு பிள்ளைங்களையும் வேற ஊருக்கு அனுப்புவாங்க. அதுல பொம்பளைப் பிள்ளைங்க எட்டு. எத்தனை பேரை வீட்டுல விடுவாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அன்று மதியம் முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். ஒரே மையாகத் தெரியக் கூடாது என்று இரண்டு பேனா வைத்துக்கொண்டேன். 'சுழற்சி: வரையறை, பண்புகள், பயிற்சி 4, 7, 9' என்று ஜனவரி பதினான்காம் தேதிக்கு எழுதினேன். பனி விழுந்து பள்ளி மூடியிருந்த நாள் அது என்பது கையெழுத்தைப் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆய்வாளர் கவனிக்கவில்லை. பதிவேடு ஒழுங்காக இருப்பதாகப் பாராட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

கடைசி ஆண்டு அந்தப் பன்னிரண்டு பேரும் என் கைக்கு வந்தார்கள். விட்டுப்போன பாடங்களிலிருந்தே ஆரம்பித்தேன். ஆறு வாரம் போனது. மற்ற ஊர்களில் கலப்பெண்களை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தார்கள். நான் எண் கோட்பாட்டில் வகுத்தலையும் மீதியையும் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் தேர்வில் மனூபியா ஒன்பது வாங்கினாள். அடுத்ததில் ஏழு. பதினாறு வாங்கிக்கொண்டிருந்த பெண். விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள்.

"மேடம், இந்த வடிவொப்புமைப் பாடத்துல ஒவ்வொரு வரியிலயும் சுழற்சி வருதே. அது போன வருஷமே எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமா?"

"ஆமா."

"நாங்க படிக்கலையே."

"அதைத்தானே அக்டோபர்ல படிச்சோம்."

"ஆறு நாள்ல படிச்சோம். புத்தகத்துல பார்த்தேன், முப்பது மணி நேரம்னு போட்டிருக்கு." விடைத்தாளை மறுபடி வெளியே எடுத்தாள். "நான் மக்காயிட்டேனோன்னு நினைச்சேன் மேடம். வீட்டுல உட்கார்ந்து அழுதேன். அப்புறம் அந்தப் பக்கத்தைப் பார்த்தப்பதான் மூச்சு வந்துச்சு."

"நீ மக்கு இல்ல."

"சரி மேடம். ஆனா தேர்வுல அது தெரியாதே."

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கே வகுப்பு வைத்தேன். வசந்த விடுமுறையிலும் வகுப்பு எடுத்தேன். என்னைப் பார்த்துப் பிள்ளைகளும் முட்டி மோதிப் படித்தார்கள். ஏப்ரலில் ஒருத்தி வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். தொகையிடல் முடிந்தது. நிகழ்தகவைத் தொட்டுவிட்டு விட்டேன்.

ஜூனில் வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் கேள்வியே வடிவொப்புமை, ஐந்து மதிப்பெண். மூன்றாவது எண் கோட்பாடு, நான்கு மதிப்பெண். தேர்வு அறையிலிருந்து வெளியே வந்த பிள்ளைகள் என்னிடம் வரவில்லை. எதிர்ச் சுவரோரமாக நடந்து போனார்கள்.

பன்னிரண்டு பேரில் மூன்று பேர் தேறினார்கள். மனூபியாவுக்கு இரண்டாவது வாய்ப்புத் தேர்வு கிடைத்தது. அதிலும் சராசரி ஒன்பதரைதான் வந்தது. பத்து வேண்டும்.

திரும்பப் படிக்கலாம் என்றால் எங்கே படிப்பது? முந்தின வருடமே பன்னிரண்டு பேர் சேராமல் புது வகுப்பு தொடங்கவில்லை; அந்த வருடம் கணிதப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் நான்கே பேர். இந்த முறை நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. கோடையிலேயே பிரிவை மூடிவிட்டார்கள். இனி ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். ஹம்மாதி வேண்டாம் என்றுவிட்டார். அறிவியல் பிரிவுக்கு மாற்றித் தாருங்கள், உள்ளூரிலேயே படிக்கட்டும் என்று மனு கொடுத்தார்கள். தகுந்த காரணம் இல்லை என்று திரும்பி வந்தது.

அப்போதுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். மூன்றாம் ஆண்டில் நான்கு மாதம் இந்தப் பிள்ளைகளுக்கு முறையான ஆசிரியர் இல்லை, மூன்று பாடங்கள் நடத்தப்படவே இல்லை, பதிவேட்டில் இருப்பது நான் பொய்யாக எழுதியது, ஆகவே தேறாத ஒன்பது பேரையும் அவர்கள் விரும்பும் பிரிவுக்கு மாற்றித் தர வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வட்டார அலுவலகத்துக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். இனிமேல் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும் என்றுதான் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஷெத்லி கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. பதிலைப் படித்தே காட்டினார். பதிவேட்டின்படி பாடங்கள் முழுமையாக நடத்தப்பட்டுள்ளன. ஆய்வாளரின் அறிக்கையும் அதை உறுதிசெய்கிறது. ஆகவே பிள்ளைகளின் மனுவை ஏற்க இடமில்லை. பதிவேடு பொய் என்று கூறும் ஆசிரியைக்கு எழுத்துமூலக் கண்டனம்.

"ரெண்டுல ஒண்ணைத்தானே சொல்ல முடியும்?" என்றேன். "பாடம் நடந்துச்சுன்னா எனக்கு எதுக்குக் கண்டனம்? நடக்கலைன்னா பிள்ளைங்களுக்கு ஏன் மாற்றம் இல்லை?"

"அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வருஷம் லேட்டா வந்திருக்கீங்க." தாளை மேசைமேல் போட்டார். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க. சரி. என் தலையில ஏன் போட்டீங்க? எனக்கு ஓய்வு பெற ஒண்ணரை வருஷம் இருக்கு."

"பிள்ளைங்க தலையில போட்டது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் தாள்கள் மட்டும்தான் போய் வந்தன.

செப்டம்பர் இருபதாம் தேதி மனூபியா பள்ளிக்கு வந்தாள். பேஜாவில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. கடைசி ஆண்டுவரை படித்ததற்குச் சான்றிதழ் கேட்டிருந்தார்களாம். அலுவலகத்திலிருந்து தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளை முற்றத்தில் பிடித்தேன்.

"எப்ப சேர்றே?"

"திங்கக்கிழமை. விடியக்காலை நாலரைக்கு பஸ் வரும்." பிறகு, என்னைச் சிரிக்கவைக்க என்று நினைக்கிறேன், "கணிதப் பிரிவுன்னதும் அங்க வேலைக்கு எடுக்கிற ஆளுக்கு ஒரே சந்தோஷம் மேடம். சரிபார்க்கிற மேசையில போடறாராம். எண்ணத் தெரியுமில்லன்னார்."

"மனூபியா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தேனே, அது உனக்காக மட்டும் வரலை. பன்னிரண்டு பேர் வேணும்னு சொன்னாங்க. பதினொரு பேர் இருந்தாங்க."

அவள் தாளை நான்காக மடித்தாள். அதை மறுபடி பிரித்து, மடிப்பைக் கையால் தேய்த்தாள்.

"அப்ப என் மார்க்கைப் பார்த்து வரலையா?"

"அதையும் பார்த்தேன்."

"ஆனா எண்ணிக்கைக்குத்தான் வந்தீங்க."

"ஆமா."

வகுப்புக்கு மணி அடித்தது. பிள்ளைகள் எங்கள் இரண்டு பக்கமும் ஓடினார்கள். அவள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்களுக்காக ஏதோ கடுதாசி எழுதினீங்கன்னு அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கு," என்றாள். "தொழுகையில உங்க பேரைச் சொல்லுது. இதை அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அதுக்குத் தாங்காது."

"நீ?"

"எனக்கு நேரமாச்சு மேடம்."

வாசல்வரைக்கும் வேகமாக நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பின்னக் கூட்டல்.

பத்து நாள் கழித்து வியாழக்கிழமைச் சந்தையில் தாவூஸ் என்னைப் பார்த்துவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தன் கூடையிலிருந்து நான்கு மாதுளம்பழங்களை எடுத்து என் பையில் போட்டாள்.

"விதி, என்ன பண்றது? நீங்க உங்களால முடிஞ்சதுக்கு மேலயே பண்ணீங்க. இந்த ஊர்ல எந்த வாத்தியார் வீடு தேடி வந்தார்? யாரு எங்களுக்காக எழுதினா?"

"மனூபியா எப்படி இருக்கா?"

"வந்ததும் தூங்கிடறா. பேசறதே இல்லை. பழகிடும்." பையைச் சரியாகத் தூக்கி என் தோளில் மாட்டிவிட்டாள். "மேடம், எங்க சின்னவ இந்த வருஷம் உங்க பள்ளிக்கூடத்துல ரெண்டாம் ஆண்டு. முடிச்சதும் எதை எடுக்கணும்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க."

"அவளையே கேளுங்க," என்றேன்.

தாவூஸ் சிரித்தாள். "அவளுக்கு என்ன தெரியும்? சின்னப் பொண்ணு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நாங்க கையெழுத்துப் போட்டுடறோம்."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். நல்லது என்று என் கையை அழுத்திவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். வெங்காயக்காரர் என்ன வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார்.